நரி நடத்திய நல்ல கூட்டம்

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் 'தந்திரமான' என்று ஒரு சொல் வரும். அந்த நரி நான்தான் என்பதால் அதை எடுத்துவிட்டேன்.

கரடியாரின் தேன் கம்பெனியில் எனக்கு வேலை. ஆன்லைன் கூட்டங்களை நடத்துவது என் பொறுப்பு. கூட்டம் நடத்துவது எப்படி என்று ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து, சான்றிதழ் வாங்கி, கேமராவில் தெரிகிற மாதிரி குகைச் சுவரில் மாட்டியிருந்தேன். நான் நடத்திய எந்தக் கூட்டத்திலும் முடிவு என்று ஒன்று வந்ததில்லை. நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் கம்பெனிக்கு ஒரு சிக்கல் வந்தது. மலைக்காட்டு யானையம்மா வருஷம் முழுக்கத் தேன் வாங்கத் தயார். ஆனால் தேனில் புகை நாற்றம் அடிக்கிறதாம். அவருடைய குட்டிகள் துப்பிவிடுகின்றனவாம். கரடியாரோ, புகை போடாமல் கூட்டில் கை வைத்தால் தேனீக்கள் கொட்டிவிடும் என்று பயந்தார். ராணித் தேனீக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தக் கூட்டத்துலயும் ஒண்ணும் முடியலன்னா நாங்க வேற காட்டுக்குக் கிளம்பிடுறோம்" என்று சொல்லியனுப்பியது.

தேனீ போனால் தேன் போகும். தேன் போனால் கம்பெனி போகும். கம்பெனி போனால் நான் மறுபடியும் வயலில் நண்டு பிடிக்கப் போக வேண்டும். நண்டிடம் சான்றிதழ் எடுபடாது.

அதனால் இந்த முறை ராப்பகலாகத் தயார் செய்தேன். வரவேற்புரை, நோக்கவுரை, சுருக்கமாகப் பேசுவதன் அவசியம் பற்றி ஒரு நீண்ட உரை. எல்லாம் நானே பேசுவதாக ஏற்பாடு. போன தடவை குகை முழுக்க எதிரொலித்ததால், நான் பேசி முடிக்கும்வரை லேப்டாப்பின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவைத்தேன். பிறகு வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி மற்ற எல்லோருடைய மைக்கையும் அணைக்கப் பொத்தானை அழுத்தினேன். அணைந்தது என்னுடைய மைக். அது எனக்குத் தெரியவில்லை.

பேச ஆரம்பித்தேன். திரையில் எல்லோரும் கையை ஆட்டினார்கள். வணக்கம் சொல்கிறார்கள் என்று நானும் கும்பிட்டேன். கரடியார் தன் காதைத் தொட்டுக் காட்டி, என் வாயை நோக்கிச் சைகை செய்தார். காதுக்கு இனிமையாக இருக்கிறது என்கிறார் போலும் என்று தலை குனிந்து ஏற்றுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் எல்லோர் முகத்திலும் களை வந்தது. கரடியார் தலையாட்டினார். ராணித் தேனீ சிறகடித்தது. யானையம்மா தும்பிக்கையைத் தூக்கிச் சிரித்தார். என் பேச்சை யாரும் இப்படி ரசித்ததே கிடையாது. அந்த உற்சாகத்தில் நோக்கவுரையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

நடந்தது என்ன என்பதை, குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த எருமை பிறகு சொன்னது. நான் வெறுமனே வாயசைத்துக்கொண்டிருக்க, கரடியார் ராணித் தேனீயிடம் கேட்டிருக்கிறார்.

"புகை போடாம வந்தா கொட்ட மாட்டீங்களா?"

"சொல்லிட்டு வந்தா ஏன் கொட்டப் போறோம்? திருடன் மாதிரி வந்தாத்தான் கொட்டுவோம். கூட்டுல ஒரு பக்கத்துத் தேனடையை உங்களுக்குன்னே விட்டுடுறோம்."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நரி சார் எங்க பேச விட்டாரு?"

"புகை இல்லன்னா அவ்வளவு தேனையும் நானே எடுத்துக்குறேன்" என்றாராம் யானையம்மா.

அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. மீதி நேரம் அவர்கள் மழையைப் பற்றியும் குட்டிகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்களாம்.

கேட்டதும் எனக்கு வால் தொங்கிவிட்டது. சான்றிதழைக் கழற்றி எடுத்துக்கொண்டு கரடியாரிடம் போனேன்.

"ஐயா, இன்னைக்கு நான் பேசுனது யாருக்குமே கேக்கல."

"தெரியும்யா. கையைக் கையை ஆட்டினோமே."

"ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே, ஐயா?"

"போனை எடுத்தேன். யானையம்மாதான் வேணாம்னுட்டாங்க. நல்லாப் போயிட்டிருக்கு, கெடுத்துடாதீங்கன்னாங்க."

வேலை போய்விட்டது என்று நினைத்தேன். கரடியார் என் சம்பளத்தை உயர்த்தினார். தலைமைக் கூட்ட அதிகாரி என்று பதவியும் கொடுத்தார். இனிமேலும் இதே முறையில்தான் நடத்த வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

இப்போது வாராவாரம் கூட்டம். கம்பெனி கொழிக்கிறது. நானும் முன்னைவிடச் சிரத்தையாகத் தயார் செய்கிறேன். போன வாரம் குழு ஒற்றுமையைப் பற்றிப் பேசும்போது எனக்கே கண் கலங்கிவிட்டது.

நீதி: கூட்டத்தை நடத்துகிறவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம், மைக்கை அணைத்துவிட்டு.