கனடா திருப்பி அனுப்பிய அன்னன்

ஒரு மொழியில் பரீட்சை எழுதித் தேறியவர்கள்தான் அந்த மொழிக்கு மிகவும் ஆபத்தானவர்கள். நான் ஜெர்மனில் பி-ஒன் தேறியவள். கலியாணமாகி டோர்ட்மண்டுக்கு வந்த நான்காம் வருடம் அது. அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டாததுதான் குறை (மாமி மாட்டத்தான் சொன்னார், நான்தான் வெட்கப்பட்டேன்).

அந்தக் கோடை முடிய எனக்கு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, தொடங்கவிருந்தது. மகள் ஆதிராவுக்கு மூன்று வயது. செவ்வாயும் வியாழனும் அவளைக் கிண்டர்கார்டனிலிருந்து கூட்டிவர ஆளில்லை. இவருக்கு மதிய வேலை, மாமிக்கு முழங்கால் வருத்தம். மிஞ்சியவர் கீழ்வீட்டு ஓப்பா. பிள்ளைகுட்டி இல்லாத ஜெர்மன்காரர். ஓப்பா என்றால் தாத்தா, அந்தப் பெயர் ஆதிரா வைத்தது. அவரிடம் உதவி கேட்க மூன்று வாரமாகப் படியிறங்கினேன், கேட்காமலே படியேறினேன். மறுத்துவிட்டால் என்ன செய்வது? அதைவிட, மறுக்கக் கூச்சப்பட்டுச் சம்மதித்துவிட்டால்?

தன் எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஓப்பா எங்களைப் பின்முற்றத்தில் கோப்பி குடிக்க அழைத்தார். வேறு விருந்தினர் இல்லை. இவர் வேலைக்குப் போய்விட்டார். இன்று கேட்டுவிடுவது என்று, பிள்ளையைக் கூட்டிப்போக வருபவர் கையெழுத்திட வேண்டிய கிண்டர்கார்டன் படிவத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

கேக் வெட்டியதும் ஓப்பா தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டினார்.

"இவள் இல்லையென்றால் நான் பிறந்தே இருக்கமாட்டேன். உன் மாமிக்கும் வாசித்துச் சொல்."

தலைப்பு, 'ஃப்ரெகட்டெ அன்னன்'. தெரியாத நீளச் சொல் வந்தால் துண்டாக வெட்டிப் பாருங்கள் என்று எங்கள் ஆசிரியை சொல்லித் தந்திருந்தார். வெட்டினேன். 'ஃப்ரெ' ஏதோ 'ஃப்ராவ்', அதாவது பெண், போல இருந்தது; 'கட்டெ' என்றால் கணவன். ஆகவே ஃப்ரெகட்டெ யாரோ ஒருவருடைய மனைவி. தாள் முழுக்க வேறு 'அவள், அவள்' என்றே இருந்தது.

"மாமி, அன்னன் எண்டு ஒரு மனிசி."

"அண்ணன் எண்டு பொம்பிளைக்குப் பேரோ?"

"இஞ்சை அப்பிடியும் வைப்பினம். நல்ல ஸ்கொட்லாந்து உடம்புவாகாம்." (தாளில் இருந்தது: ஸ்கொட்லாந்தில் கட்டப்பட்டவள்.) "பிறகு கனடாவுக்குக் குடுத்தவையாம்."

மாமி நாற்காலியை முன்னுக்கு இழுத்தார். எங்கள் சனத்தில் ஒருத்தியைக் கனடாவுக்குக் கொடுத்தால் விசாரிக்க நிறைய இருக்கும்.

"கனடாவிலை எவடம்?"

"அது போடேல்லை. யுத்தநேரம் சனத்துக்குத் துணையாக் கடல் கடந்து போய்வந்தவவாம். ஓப்பாவின்ரை அப்பா தண்ணிக்கை தத்தளிக்கேக்கை இவதான் தூக்கினவ."

இடையில் ஒரு வினைச்சொல் தெரியவில்லை, விட்டுவிட்டேன். (அது 'மூழ்கடித்தாள்'. அப்பாவின் நீர்மூழ்கியைத் தாக்கி அவரைத் தண்ணீரில் விழுத்தியதும் அவளேதான்.)

"தங்கமான பிள்ளை," என்றார் மாமி.

"யுத்தம் முடியக் கனடாக்காரர் திருப்பி அனுப்பிப்போட்டினமாம்."

"ஏன்?"

"இனித் தேவையில்லையாம்."

மாமி கேக்கைக் கீழே வைத்துவிட்டார். "பிறகு?"

"டென்மார்க்குக்குக் குடுத்தவை. அங்கை ஒரு ஆம்பிளைப் பேர் வைச்சவையாம்."

"புருசன்ரை பேராக்கும்." அவர் குரலில் சிறு ஆறுதல். "அங்கையெண்டாலும் நல்லா இருந்தவவோ?"

கடைசி வரியில் இருந்த சொல் எனக்கு நன்றாகத் தெரியும். தெருவில் பழைய இரும்பு சேர்க்கும் வண்டியில் எழுதியிருப்பது. பி-ஒன் நேர்மை என்னைப் பொய் சொல்ல விடவில்லை.

"இல்லை மாமி. உடைச்சு இரும்புக்கு வித்துப்போட்டினம்."

மாமி அழத் தொடங்கினார். ஓப்பா பதறி எழுந்து, என்ன நடந்தது என்றார். "அன்னனுக்காக அழுகிறார்," என்றேன். அவர் உள்ளே போனார். போனவர் நெடுநேரம் வரவில்லை. மனிதரின் பிறந்தநாளையும் கெடுத்து, என் பயிற்சியையும் கெடுத்துவிட்டேன் என்று கைப்பையை இழுத்து மூடினேன்.

திரும்பி வந்தவர் கையில் முழ நீளத்தில், சாம்பல் நிறத்தில், பீரங்கியெல்லாம் வைத்துச் செய்த ஒரு போர்க்கப்பல்.

"இதோ, இவள்தான்."

மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "பிள்ளை, இது கப்பலெல்லோ."

"ஓம் மாமி."

"உமக்கு எப்ப தெரியும்?"

"இப்பத்தான்."

ஜெர்மன்காரர் கப்பலை 'அவள்' என்பார்கள் என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. ஃப்ரெகட்டெ என்றால், சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போகையில் காவலுக்குக் கூடப் போகும் கப்பலாம். நான் செய்த மொழிபெயர்ப்பு முழுவதையும் ஓப்பாவிடம் ஒப்புக்கொண்டேன். கனடா வரும்வரை பொறுத்தவர், டென்மார்க் கணவன் வந்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அமைதியாகி, "அவளுக்காக இதுவரை ஒருவரும் அழுததில்லை. என் அப்பாகூட," என்றார்.

நான் மாமிக்குக் கைக்குட்டை எடுக்கையில் படிவமும் சேர்ந்து வந்து விழுந்தது. ஓப்பா குனிந்து எடுத்தார், வாசித்தார், பேனா கேட்டார். 'குழந்தைக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் யோசிக்காமல் 'ஃப்ரெகட்டெ' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அடுத்த நாளே கிண்டர்கார்டனிலிருந்து அழைப்பு. இது உங்கள் நாட்டு உறவுமுறையா என்று மரியாதையாகக் கேட்டார்கள். ஓம் என்றுவிட்டேன். வேறென்ன சொல்வது?

ஆதிராவுக்கு இப்போது எட்டு வயது. தனியாகவே வந்துவிடுவாள். ஆனாலும் செவ்வாயும் வியாழனும் ஓப்பா பள்ளி வாசலில் நிற்கிறார். வேகம் குறைந்துவிட்டது, தெருவைக் கடக்கையில் யார் கையை யார் பிடிக்கிறார்கள் என்று நான் உற்றுப் பார்ப்பதில்லை. மணியடித்தால் மாமி இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பார்.

"பிள்ளை, கனடா திருப்பி அனுப்பினது வந்திட்டுது. கதவைத் திறவும்."