நாலு ஜோடிச் செருப்பு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, 'வீட்டை விற்றுவிடலாமா' என்று மனதுக்குள் நினைத்தாலே போதும். சொன்ன டீ கைக்கு வருவதற்குள் வீட்டுத் தரகர் ரெடிகேஷ் உங்கள் முதுகுப்பக்கம் வந்து நின்றிருப்பார். "கைவசம் ரெடி கேஷ் பார்ட்டி ஒண்ணு கீது சார்" என்பார். டீக்கு நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

இருபது வருடமாக இதையே சொல்லிச் சொல்லி அவருடைய சொந்தப் பெயரே ஊருக்கு மறந்துவிட்டது. அந்த ரெடி கேஷைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை என்பது வேறு விஷயம். வெள்ளைச் சட்டை, பையில் நாலு பேனா, நாலும் எழுதாது. எப்போது போன் போட்டாலும், "பார்ட்டி கூட பேசிக்கினு கீறேன், அப்பால கூப்புடு சார்" என்பார். ஒருநாள் சலூனில் முகமெல்லாம் சோப்பு நுரையோடு உட்கார்ந்து இதைச் சொன்னார். போன் போட்டவன் நான். பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மேற்கு பார்த்த வீடு என்று யாராவது தயங்கினால் அவருக்குப் பொறுக்காது. "பின்பக்கமா வா சார், கெயக்கு பார்த்த வூடுதான் இது!" என்று வாங்க வந்தவரைச் சாக்கடை தாண்டவைத்துக் கொல்லைவழியாக அழைத்துப்போவார்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் என் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். அம்மா போய் ஒன்றரை வருடமாக வீடு பூட்டிக் கிடந்தது. தாம்பரத்தில் ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டியிருந்தேன். மூன்று மாதத்தில் மிச்சத்தைக் கட்டாவிட்டால் அது கைநழுவிப் போய்விடும்.

"சீக்கிரம் முடியணும்ணா. ஆனா ஒண்ணு, அம்மா பொழங்கின வீடு. குடும்பமா வந்து குடியிருக்கிறவங்களுக்குத்தான் கொடுக்கணும்" என்றேன். சொல்லும்போது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

"கவலய வுடு சார். வாசல் தெளிச்சி வெளக்கேத்துற பார்ட்டியா இட்டாரேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். தெருமுனையிலேயே சாம்பார் வாசனை. என் வீட்டிலிருந்துதான் வருகிறது! வாசலில் கோலம். கொடியில் புடவை காய்கிறது. படியோரம் வரிசையாக நாலு ஜோடிச் செருப்பு: ஆண் செருப்பு, பெண் செருப்பு, பள்ளிக்கூடத்து ஷூ, ஒரு சின்னக் குழந்தையின் செருப்பு. உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது. என் வீட்டுக் கதவை நானே தட்டினேன். ஓர் அம்மாள் எட்டிப்பார்த்து, "யாரு வோணும்?" என்றார்.

"என் வூட்டுக்காரி சார்" என்று பின்னாலிருந்து ரெடிகேஷின் குரல். "பூட்டுன வூட்ட எவன் சார் வாங்குவான்? பேய் கீதோ, கேஸ் கீதோன்னு வெலய பாதியா அடிப்பான். வூடுன்னா நடமாட்டம் வோணும். காலையில ஆறு மணிக்கெல்லாம் நானும் இவளும் வந்து செட் பண்ணிடுறோம். பார்ட்டி எப்ப வருவான்னு யாருக்குத் தெரியும்?"

என்ன மூளை பாருங்கள் என்று நானும் அசந்துதான் போனேன்.

செங்கல்பட்டிலிருந்து ஒரு பேங்க் ஆபீசர் வந்தார். வீடு பிடித்துவிட்டது. கிணற்றை எட்டிப்பார்த்தார், முருங்கையைத் தடவினார். பிறகு செருப்புகளைப் பார்த்து, "யார் இருக்காங்க?" என்று கேட்டார். ரெடிகேஷுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"பத்து வருசமா ஒரே குடும்பம் கீது சார்! அவ்ளோ ராசியான வூடு. போன்னு சொன்னாலும் போமாட்டாங்க!"

ஆபீசர் அதோடு கார் ஏறியவர்தான். காலி பண்ணாத குடித்தனத்தோடு வீடு வாங்க அவருக்கென்ன பைத்தியமா?

அடுத்து வந்தவர்கள் ராஜகுளத்துக்காரர்கள், புருஷன் பெண்டாட்டி. அவர்களுக்குக் காபி கொடுத்த ரெடிகேஷின் மனைவி, அன்றைக்கு நடிப்பில் ஒரு படி மேலே போய், "எங்க பொண்ணு கண்ணாலத்தக் கூட இந்த வூட்லதான் வச்சிக்கலாம்னு கீறோம்" என்றாராம். அவர்கள் காபியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம். "காலி வீட்டுல நீங்களே குடித்தனத்தை உண்டாக்கி, நீங்களே வர்றவங்களைத் துரத்துறீங்க! விக்கிறீங்களா, விளையாடுறீங்களா?" என்று நடுத்தெருவில் கத்தினேன். அவர் தலையைச் சொறிந்தார். "பேஜாராத்தான் போச்சி சார். ஆனா நீதான குடும்பமா பாக்கச் சொன்ன? கொஞ்சம் டைம் குடு" என்றார்.

நான் கொடுக்கவில்லை. ஆன்லைனில் 'காலி வீடு, ரொக்கம் மட்டும்' என்று விளம்பரம் போட்டேன். மறுநாளே, இருட்டின பிறகு, சென்னையிலிருந்து வெள்ளைக் காரில் ஒருவர் வந்தார். தெருவில் நின்றபடி முன்பக்க அகலத்தைக் காலடியால் அளந்தார். கேட்டுக்குள் வரவில்லை, கிணற்றைப் பார்க்கவில்லை, விலையைப் பாதியாக அடித்தார். ரெடிகேஷ் சொன்னது அப்படியே பலித்தது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. சரி என்றேன். ஐந்தே நாளில் பத்திரம் பதிந்து பணம் வந்தது. ரெடிகேஷிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல முகம் இல்லை.

மறுநாள் காலை, சாமி படங்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்று போனால், வீட்டு முன்னால் ஜேசிபி நிற்கிறது. புது ஓனர் போனில் கத்துகிறார். டிரைவர் தாமல் கிராமத்து ஆள், வண்டியை விட்டு இறங்கிக் கைகட்டி நிற்கிறார்.

"உள்ள குடும்பம் கீது சார். கொயந்த செருப்பு வேற கீது. நான் கை வெக்க மாட்டேன்."

படியோரம் நாலு ஜோடிச் செருப்பு. புதுக் கோலம். கொடியில் ஈரப் புடவை. நான் திட்டிய பிறகும் மனிதர் தினமும் வந்திருக்கிறார்!

போன் போட்டேன். "பார்ட்டி கூட பேசிக்கினு கீறேன் சார், அப்பால..."

"அண்ணா, வீட்டை வித்துட்டேன்."

"குடும்பமா சார்?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு வாங்கண்ணா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

மொபெட்டில் வந்து இறங்கினார். ஜேசிபியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கொடியிலிருந்து புடவையை உருவி மடித்தார். செருப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி மூட்டைப்பையில் போட்டார். கமிஷன் கவரை நீட்டினேன்.

"நான் எந்த வூட்ட சார் வித்தேன்? வெச்சிக்க" என்றார்.

பெண் செருப்பை மட்டும் பையில் போடாமல் என்னிடம் கொடுத்தார். "இது உன் வூட்டுது சார். பாத்ரூம் பின்னால கெடந்தது. நல்லாத்தான் கீதுன்னு வாசல்ல வெச்சிக்கினு இருந்தேன்."

நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. அம்மாவுக்கு நான் காஞ்சிபுரத்தில் வாங்கிக்கொடுத்தது. எத்தனை தடவை அந்தப் படியேறினேன், ஒரு தடவையாவது குனிந்து பார்த்தேனா? அவர் போன பிறகு டிரைவர் வண்டியைக் கிளப்பினார். நான் நின்று பார்க்கவில்லை.

அவசரப்பட்டுவிட்டேன். யார் கேட்டாலும் இப்போது அதைத்தான் சொல்கிறேன்.

தாம்பரத்து ஃப்ளாட்டில் காலையில் நானும் மனைவியும் வேலைக்குக் கிளம்பினால் சாயங்காலம் வரை ஆள் கிடையாது. கதவைப் பூட்டியதும் அந்த நீலச் செருப்பை வாசலில் ரெடிகேஷ் வைத்த மாதிரியே ஜோடி சேர்த்து வைத்துவிட்டுப் போகிறேன். யாராவது வந்தால், உள்ளே அம்மா இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளட்டும்.