உத்தரவுக்காரரும் கறுப்புக் கிடாவும்

பூதலூர்ப் பக்கத்தில் ஆட்டிடம் அனுமதி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த ஒரே மனிதர் எங்கள் தெரு உத்தரவுக்காரர்தான். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும்.

காளி கோயிலில் கிடா வெட்டுவதற்கு முன் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். ஊற்றுகிற வேலை இவருடையது. ஆட்டின் காதருகே குனிந்து ஏதோ கேட்பார், சொம்பைச் சாய்ப்பார், அது சிலிர்த்துவிடும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இந்தப் பழக்கத்தில் பஸ்ஸில்கூட சீட்டைத் தொட்டுக் கும்பிட்டுக் கொஞ்சம் காத்திருப்பார். அதற்குள் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.

கோயில்களில் உயிர்ப்பலிக்கு அரசாங்கம் தடை போட்டது. கூட்டுறவு சங்கத்துக் குமாஸ்தாவான நான் டீக்கடையில் தடைக்கு ஆதரவாக முழங்கினேன்.

“தம்பி, ஞாயித்துக்கிழமை கறிக்கடையில எந்த ஆட்டுகிட்ட கேட்டாங்க?” என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே.

எங்கள் வீட்டில் அன்று கறிக்குழம்பு. நான் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

அந்த வருஷப் பூசையில் எதிர்வீட்டுச் செல்வி மாட்டிக்கொண்டாள். குவைத்துக்குப் போன கணவனிடமிருந்து ஆறு மாதம் தகவலே இல்லாதபோது, அவன் திரும்பினால் கறுப்புக் கிடா வெட்டுவதாக வேண்டியிருந்தாள். அவன் முழுசாகத் திரும்பிவிட்டான். வெள்ளிக்கிழமை மறுபடியும் விமானம். கோயில் வாசலிலோ போலீஸ். நேர்த்திக்கடன் தீராமல் அவனை அனுப்பப் பயந்து செல்விக்குச் சோறு இறங்கவில்லை. கொல்லையில் ரகசியமாக வெட்டிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். பிடிபட்டால் அவன் ஏறப்போவது போலீஸ் ஜீப்பில்தான்.

வியாழக்கிழமை காலை உத்தரவுக்காரர் கிடாவைப் பிடித்துக்கொண்டு நேராகக் கோயில் வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரிடமே போனார்.

“வெட்டலீங்க ஐயா. கேக்க மட்டும் கேட்டுக்கிறோம்.”

கேட்பதற்குத் தடை இருப்பதாக இன்ஸ்பெக்டருக்கும் தெரியவில்லை. ஒதுங்கி நின்றார்.

உத்தரவுக்காரர் ஒரு சொம்பு ஊற்றினார். ஆடு அசையவில்லை. மூன்றாவது சொம்புக்குக் கழுத்திலிருந்த வேப்பிலை மாலையைத் தின்ன ஆரம்பித்தது. ஐந்தாவது சொம்பில் இன்ஸ்பெக்டரே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“அம்மா உத்தரவு குடுக்கல. வேண்டாங்குறா,” என்றார் உத்தரவுக்காரர். “செல்வி, உன் கடன் தீந்துச்சும்மா. அவனை நல்லபடியா அனுப்பிவை.”

செல்வி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்குப் புல்லரித்தது.

ஆனால் பக்கத்தில் நின்றதால் ஒன்றைப் பார்த்துவிட்டேன். ஐந்து சொம்பு தீரும்வரை ஆட்டின் இரண்டு காதுகளையும் அவர் ஒரு கையால் மடக்கிப் பொத்தியிருந்தார். காதுக்குள் தண்ணீர் போகாமல் எந்த ஆடு சிலிர்க்கும்?

சாயங்காலம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

“இத்தனை வருஷமா அவ பேரைச் சொல்லி வெட்டியாச்சு. ஒரு நாள் அவ பேரைச் சொல்லி ஒண்ணை உசுரோட விட்டா கோச்சுக்க மாட்டான்னு நெனச்சேன். ஆனாலும் கை நடுங்கிருச்சு தம்பி.”

பிறகு தடையை எடுத்துவிட்டார்கள். கிடாவைக் கேட்டு வந்தவர்களிடம், ஒரு தடவை கேட்டதை மறுபடி கேட்கும் வழக்கமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அது அவர் வாசலிலேயே தின்று கொழுத்துக் கிழடானது.

தடைக்காக அவ்வளவு முழங்கிய நான் ஒரு ஆட்டைக்கூடக் காப்பாற்றியதில்லை. நடுங்கிக்கொண்டே அந்தக் காதுகளைப் பொத்திய கையைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல் இன்றைக்கும் இருக்கிறது. அவர் வழக்கப்படி, உத்தரவு கேட்டுவிட்டுத்தான்.