முப்பத்தொன்பது போதாதென்று ஐம்பத்து நாலு

ஐயா, நீர் ஆரென்று எனக்குத் தெரியாது. ரஷ்யனோ செக்கோ, இருக்கிறீரோ செத்தீரோ, அதுவும் தெரியாது. ஆனால் மொன்றியலில், கர்க்லாண்ட் பக்கம் குடியிருக்கும் கிருபானந்தன் என்ற மனிசனின் மானத்தை வாங்கியது நீர்தான். துவக்கில் போட்டுச் சுடுகிற ரவையில் இரண்டு விதம் செய்துவிட்டு, இரண்டுக்கும் ‘ஏழு தசம் ஆறு இரண்டு’ என்று ஒரே பேரை வைத்தீரே, அது மனிசன் செய்கிற வேலையா? இரட்டைப் பிள்ளை பெற்றவள்கூட ஒன்றுக்கு ஒரு பேர், மற்றதுக்கு இன்னொரு பேர் என்றுதான் வைக்கிறாள். உமக்குப் பேருக்குமா பஞ்சம்?

நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீரே முடிவெடும்.

கிருபானந்தன் இருபத்திரண்டு வயதில் இந்த ஊருக்கு வந்தவர். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரே அறையில் ஐந்து பேரோடு படுத்து, ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, கடைசியில் அந்தக் கடையையே பேரம் பேசி வாங்கியவர். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. மிச்சமெல்லாம் அடிபட்டுப் படித்தது. பேரம் பேசாமல் அவர் வாங்கியது சளிக்காய்ச்சல் ஒன்றுதான். பல் பிடுங்கப் போன இடத்தில், மூன்று பிடுங்கினால் நாலாவதைச் சும்மா பிடுங்குவீரோ என்று கேட்டவர். கோபமும் அப்படித்தான். மூக்கு நுனியில்கூட இல்லை, மூக்குக்கு ஒரு சாண் முன்னால் நிற்கும்.

இந்த மனிசனுக்கு ஐம்பத்தொன்பதாவது வயதில் ஓர் ஆசை பிறந்தது. துவக்கு வாங்க வேண்டும்.

“உங்களுக்கென்ன விசரோ?” என்றாள் பெண்சாதி சிவநேசம். “துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்?”

“அதுதானப்பா சொல்லுறன். இவ்வளவு காலமும் துவக்கின்ர முன்பக்கத்தில நிண்டுபோட்டன். ஒருக்கா, ஒரேயொருக்கா, பின்பக்கத்தில நிண்டு பாக்கவேணும்.”

சிவநேசம் எழும்பி அடுப்படிக்குப் போனாள். பேச்சு நடுவில் அவள் அடுப்படிக்குப் போனால் அது மறுப்பு. இந்த நாட்டுச் சட்டமும் அவள் பக்கம்தான். துவக்கு வைத்திருக்க அனுமதி கேட்கும் பத்திரத்தில் பெண்சாதி கையெழுத்து வைக்கவென்றே ஓர் இடம் விட்டிருக்கிறான். எட்டு மாதம் கெஞ்சினார். ஒன்பதாம் மாதம், கறிக்கு வெங்காயம் வெட்டிய கையோடு, கண்ணீர் வடிய வடிய வைத்துக் கொடுத்தாள்.

துவக்கு வந்தது. பழைய ஆமித் துவக்கு, மரப்பிடி. ஆனால் துவக்கு வந்தும் துவக்கம் இல்லை. சுட ஒன்றும் இல்லையே.

“ரவை வாங்கவேணும்” என்றார்.

“வீட்டில மூண்டு பைக்கற்று கிடக்கு.”

“அந்த ரவை இல்லையப்பா! வெடிக்கிற ரவை!”

“நீங்கள் கிண்டுற உப்புமாவும் வெடிக்கிறதுதானே.”

செயின்ட்-மிஷேலில் கராஜ் வைத்திருக்கிற பேரின்பநாதனுக்கு எடுத்தார் போனை. பேரின்பநாதன் துவக்குச் சுடும் கிளப் ஒன்றில் ஆறு வருசமாய் இருக்கிற ஆள்.

“பழைய ஆமிச் சரக்கா வாங்குங்கோ அண்ணை, அதுதான் மலிவு. பெரிய தகரப் பேணியில அடைச்சு வரும். ரவையின்ர அடியைப் பாத்தியள் எண்டால், செய்த இடத்தின்ர நம்பரும் வருசமும் குத்தியிருக்கும். ஒண்டு, சுட்ட பிறகு குழலைச் சுடுதண்ணி விட்டுக் கழுவவேணும். பழைய மருந்து, கழுவாட்டில் இரும்பு கறள் பிடிக்கும்.”

“துவக்கைக் குளிப்பாட்டவும் வேணுமோ?”

“கேளுங்கோ அண்ணை. உங்கடதுக்கு ஏழு தசம் ஆறு இரண்டு. ஆனால் அதுக்குப் பின்னால ஒரு நம்பர் வரும், அதைத்தான் வடிவாய்…”

“முன்னால பின்னால எண்டு எனக்கு நம்பர் படிப்பிக்காதையும்!”

“சரி, கரைச்சல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு வாங்கோ. என்ர ரவையைத் தாறன், சுட்டுப் பாருங்கோ.”

“இரவல் ரவையோ? உம்மை விட மலிவாய் வாங்கி, உமக்கு முன்னால நிண்டு சுடுறன், பாரும்!”

போனை வைத்தார். வைத்த வேகத்தில் போனுக்கே காது அடைத்திருக்கும்.

வீட்டுப் பக்கமிருந்த கடைகளில் புதுச் சரக்குத்தான், விலை இரண்டு மடங்கு. பழைய சரக்கு விற்கும் கடை வடக்கே ஒரு மணி நேர ஓட்டம். அங்கே கல்லாவில் நின்ற மெலனி என்ற பெண்ணுக்குப் பிரெஞ்சைத் தவிர ஒன்றும் தெரியாது. கிருபானந்தனுக்குப் பிரெஞ்சில் தெரிந்தது ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ இரண்டும்தான். வணக்கத்துக்கும் நன்றிக்கும் நடுவில்தானே பேரம் கிடக்கிறது? ஆகவே சிவநேசத்தையும் கூட்டிக்கொண்டு போனார். இருபது வருசம் கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் பிள்ளை பார்த்தவள். அவள் வாய் திறந்தால் கியூபெக்காரியே திரும்பிப் பார்ப்பாள்.

மேசையில் இரண்டு பச்சைப் பேணிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே மாதிரிக்கு ஒரு ரவை. இரண்டு பேணியிலும் ஏழு தசம் ஆறு இரண்டு என்று எழுதியிருந்தது. ஒன்றில் அதற்குப் பின்னால் முப்பத்தொன்பது, மற்றதில் ஐம்பத்து நாலு.

“இஞ்சேரும், ரெண்டும் என்ன விலையாம்?”

சிவநேசம் கேட்டாள். “ஒரே விலையாம்.”

“பேந்தென்ன அந்த ஐம்பத்து நாலு?”

மெலனி விரலால் அளந்து காட்டி நீளமாக ஏதோ சொன்னாள்.

“நீளமாம்” என்றாள் சிவநேசம், சுருக்கமாக.

கிருபானந்தனின் கண் விரிந்தது. ஒரே விலைக்குச் சின்ன விளைமீனும் பெரிய விளைமீனும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால், சின்னதைத் தூக்குகிறவன் மனிசனா?

“பதினைஞ்சு மில்லிமீற்றர் சும்மா தாறாளப்பா! இவளுக்கு யாவாரம் தெரியாது. கத்தாதையும். ஐம்பத்து நாலைக் கட்டச் சொல்லும்.”

சிவநேசம் அந்த நீளமான ரவையைக் கையில் எடுத்தாள். தலைகீழாகத் திருப்பினாள். அடியை நகத்தால் ஒருமுறை சுற்றித் தடவினாள். வைத்தாள்.

“யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?”

“எனக்குப் பேரம் பழக்குறீரோ?”

“இல்லை. பேந்து என்னில பிழை பிடிக்கக்கூடாது.”

பிறகு அவள் மெலனியிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். மெலனி புருவத்தை உயர்த்தினாள். நீளமான ரவையைத் தொட்டுக் காட்டித் தலையாட்டினாள். சிவநேசம் இன்னும் நாலு சொல் சொன்னாள். மெலனி மேசையில் குப்புற விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேளாமலே பத்து டொலரைக் குறைத்தாள்.

“என்னவாம்?”

“உங்களைப் போல ஓராள் தன்ர வீட்டிலயும் இருக்கிறாராம்.”

“கெட்டிக்காரன் போல. சுவரில என்ன பெரிசாய் எழுதிக் கிடக்கு?”

“உங்கட வரவு நல்வரவாம்.”

ஞாயிற்றுக்கிழமை. கிளப். கிருபானந்தன் உளியும் சுத்தியலும் கொண்டு பேணியைப் பிளந்தார். உள்ளே எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, மினுங்கிக்கொண்டு, வரிசை வரிசையாய் ரவை. பேரின்பநாதனை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றை எடுத்துத் துவக்கில் போட்டார். போகவில்லை. பெருவிரலால் அமத்தினார். போகவில்லை. இன்னொன்று. இன்னொன்று. இருபது ரவையோடு பேரம் பேசிப் பார்த்தார். ஒன்றுகூட இறங்கி வரவில்லை.

“அண்ணை,” என்றான் பேரின்பநாதன் மெல்ல, “இது வேற துவக்கின்ர. உங்கடதுக்கு முப்பத்தொன்பது. அண்டைக்கு அதைத்தானே சொல்ல வந்தனான்.” தன் பையிலிருந்து பத்து ரவையை எடுத்து உள்ளங்கையில் நீட்டினான். “இந்தாங்கோ. ஆசைக்குச் சுடுங்கோ.”

பத்தும் அவன் கையில் கிடந்தன. கையை நீட்டினால் போதும். வாழ்நாள் ஆசை ஒரு முழத் தூரத்தில் கிடந்தது.

“எனக்கு ஒருத்தன்ர பிச்சையும் வேண்டாம்!”

வாய் சொல்லி முடித்த பிறகுதான் மனம் ‘ஐயோ’ என்றது. வாயைத் திருப்பிக் கூப்பிட முடியுமா? பேணியைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் டமார் டமாரென்று சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நேரமும் அவர் துவக்குகளுக்கு முன்னால்தான் நடந்து போவதுபோலத் தோன்றியது அவருக்கு.

வீட்டுக்கு வந்து பேணியை மேசையில் அறைந்தார்.

“அந்த மெலனி என்னை ஏமாத்திப்போட்டாள்! வெளிக்கிடும், திருப்பிக் குடுப்பம்!”

“எடுக்காயினம். வித்த ரவை திருப்பி எடுக்கிறேல்லை எண்டு சுவரில பெரிசாய் எழுதிக் கிடந்தது.”

“நல்வரவு எண்டெல்லோ சொன்னீர்!”

“வரவு ஒருக்காத்தான் எண்டதுதான் அதின்ர கருத்து.” தேத்தண்ணியை நீட்டினாள். “பூரேல்லையோ? பூராது. அடியில விளிம்பு இருக்கெல்லோ.”

கிருபானந்தன் தேத்தண்ணியை வாங்காமல் நின்றார். விளிம்பைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

“உமக்கு… எப்பிடித் தெரியும்?”

“ஏழாம் வகுப்புப் படிக்கேக்க, விடியக் காலமை வளவுக்குள்ள, ராச் சண்டையில சுட்டுப் போட்ட வெறும் ரவைக் கோது பொறுக்கிறது நாங்கள்தானே. விளிம்பில்லாதது ஏ.கே. துவக்கின்ர. விளிம்புள்ளது பி.கே. எண்ட பெரிய துவக்கின்ர. அஞ்சு ஏ.கே. கோதுக்கு ஒரு பி.கே. கோது, அதுதான் விலை. நான் மூண்டுக்கு வாங்குவன்.”

நாற்பது வருசப் பேரக்காரர் கதிரையில் இருந்துவிட்டார்.

“அப்ப அவளிட்ட நீர் என்ன கேட்டனீர்?”

“துவக்கின்ர பேரைச் சொல்லி, இந்த மனிசன்ர துவக்குக்குள்ள ஒருக்காலும் போகாதது எது எண்டு கேட்டன். நீங்கள் தெரிஞ்செடுத்ததைத்தான் அவளும் காட்டினவள். அப்ப அதையே கட்டும் எண்டன்.”

“ஏனப்பா?” இந்த முறை கத்தவில்லை. “ஒருக்கா அந்தப் பக்கம் நிண்டு பாக்கத்தானே கேட்டனான்.”

“என்ர அண்ணனும் அந்தப் பக்கம் எண்டுதான் போனவர். பதினெட்டு வயசு. அங்க என்ன இருக்கெண்டு திரும்பி வந்து சொல்லேல்லை. நீங்களும் போய்ப் பாக்கத் தேவையில்லை. குடியுங்கோ, ஆறுது.”

கிருபானந்தன் தேத்தண்ணியை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். பிறகு கோபம் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது.

“நாளைக்கே போறன்! முப்பத்தொன்பதே வாங்கிறன்!”

“போங்கோவன். பிரெஞ்சில ஆர் கதைக்கிறது?”

ஆகவே ஐயா, நானூறுக்கு மேல் ரவை இந்த வீட்டு நிலக்கீழ் அறையில் பூட்டிக் கிடக்கிறது. துவக்கும் பக்கத்தில் கிடக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் பொருந்தாத சம்பந்தம். பிழை உம்முடையது. நீர்தான் திருத்த வேண்டும். ஒன்றுக்குப் பேரை மாற்றும், இல்லாவிட்டால் ஐம்பத்து நாலை முப்பத்தொன்பதாக வெட்டித் தாரும். என்ன செய்வீரோ, கெதியாய்ச் செய்யும். ஆனால் தயவுசெய்து பதிலைப் பிரெஞ்சில் எழுதிப்போடாதையும்.

இந்த வீட்டில் பிரெஞ்சை வாசித்துச் சொல்கிறவள் சிவநேசம்.