வைத்தியர் வாயில் இருந்த கட்டி

குலசேகரத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓர் ஓலைக்கொட்டகை. 2013-ல் அங்கே வந்து குவிந்த ஜீப்புகள் பத்மநாபபுரம் அரண்மனைக்குக்கூட வந்ததில்லை. உள்ளே கிருஷ்ணமணி வைத்தியர். கொப்பூழில் பித்தளைக் குழலை வைத்து ஒரே உறிஞ்சு. யாரோ சோற்றில் கலந்து கொடுத்த கைவிஷம், முடியும் சதையுமாக வெளியே வந்து விழும். சாதி மத பேதம் கிடையாது. ஏமாறுவதில் நம் ஜனங்களுக்கு அப்படியொரு ஒற்றுமை.

ரப்பர் ஷீட் வியாபாரி குமாரதாசும் வரிசையில் நின்றார். அவர் இரைப்பையில் புற்றுக்கட்டி இருப்பதைத் திருவனந்தபுரத்து டாக்டர் கண்டுபிடித்திருந்தார்.

"ஆரம்பநிலைதான், உள்தோலைத் தாண்டவில்லை. வயிற்றைக் கிழிக்க வேண்டாம். வாய் வழியாகக் குழாய் விட்டு அறுத்து எடுத்துவிடலாம்."

குழாய் என்ன தடிமன், கத்தி எங்கே இருக்கும், ரத்தம் வந்தால் யார் பொறுப்பு என்று குமாரதாஸ் குடைந்தார். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். வெளியே வந்ததும் குமாரதாஸ் மனைவி கிளாராவிடம் சொன்னார்: "வாய்க்குள்ள கத்திய விட்டு கட்டிய எடுப்பினுமாம். என்னை மூளையில்லாத மண்டன்னு நெனச்சானா?"

பயந்துபோயிருந்தார் என்பதே உண்மை. அவ்வளவு விவரமான மனிதர்தான் இப்போது சட்டையைத் தூக்கிக்கொண்டு பாயில் படுத்தார்.

வைத்தியர் குழலை எடுத்தார். கிளாரா பிளாஸ்கிலிருந்து கட்டன் சாயா ஊற்றி நீட்டினாள்.

"வைத்தியரே, இத குடிச்சிட்டு உறிஞ்சுங்க."

வைத்தியர் தலையாட்டி மறுத்தார்.

"வேண்டாமெங்கி வெறும் வெள்ளத்துல வாயக் கொப்புளிங்க."

"ம்ஹூம்."

"ஏட்டி, சும்ம இரி," என்று படுத்தபடியே அதட்டினார் குமாரதாஸ். "அவருக்குக் கோவம் வந்தா எனக்க கட்டி அங்ஙனயே இருந்துபோவும்."

"அவரு எடுக்கப் போற கட்டி அவருக்க வாயிலயாக்கும் இருக்கு. உங்களுக்க கட்டி வேற."

கூட்டத்தில் யாரோ சிரித்தார். "வெளிய போ" என்று கத்த வைத்தியர் வாயைத் திறந்தார். முடி சுற்றிய கோழித்தோல் உருண்டை குமாரதாசின் மார்பில் விழுந்தது. குழலோ இன்னும் கையிலேயே இருந்தது.

"கைவிஷம் தானாவே வந்திட்டோ?" என்றார் குமாரதாஸ். இதைப் பிற்பாடு அவரே சொல்லிச் சிரிப்பார்.

கிளாரா அவரை நேராகத் திருவனந்தபுரத்துக்கு இழுத்துப் போனாள். மயக்கம் கொடுத்து, கட்டிக்கு அடியில் மருந்துநீர் ஏற்றி உப்பவைத்து, குழாய் நுனிக் கத்தியால் சுற்றி அறுத்து எடுத்தார்கள். ஓரங்களில் நோய் மிச்சமில்லை என்று பரிசோதனை சொன்னது.

கிருஷ்ணமணி களியக்காவிளைக்கு இடம் மாறினார். அங்கும் ஜீப்புகள் வந்தன. குமாரதாஸ் ஒருநாள் போய் வரிசையில் நின்றவர்களிடம் சொன்னார்:

"உயிரக் காப்பாத்த நின்ன டாக்டரிட்ட வக்கீல் கணக்கா கேள்வி கேட்டேன். அதுல ஒண்ணக்கூட இவனிட்ட கேக்கணும்னு எனக்குத் தோணல்ல. எனக்க மூளை அவ்வளவுதான். உங்களுக்கு அதவிட கொஞ்சம் கூடுதல் இருக்குமெங்கி, குழல வைக்கதுக்கு முன்ன அவனுக்க வாயத் தொறந்து காட்டச் சொல்லுங்க."