காட்டுக்குள் நின்ற க்யூ

பூமியின் எந்த மூலையில் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றாலும், மூன்றாவதாகப் போய் நிற்கக்கூடியவர் எங்கள் தெரு க்யூ மாமா. எதற்கான வரிசை என்பது அவருக்கு முக்கியமில்லை. அதைக் கேட்பதே மரியாதைக் குறைவு என்பது அவர் கட்சி.

ஒருமுறை தேரடிப் பக்கம் தயிர் வாங்கப் போனவர் மூக்குக்கண்ணாடியோடு திரும்பினார். இலவசக் கண் முகாம் வரிசையில் நின்றுவிட்டாராம். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லியும், இவ்வளவு நேரம் நின்றதற்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்த வெறும் கண்ணாடி அது. இன்னொரு முறை, ராயபுரத்தில் யாரென்றே தெரியாதவர்களின் கல்யாண வரவேற்பில் மேடைவரை போய், மாப்பிள்ளைக்குக் கைகொடுத்து, போட்டோவும் எடுத்துக்கொண்டார். அந்தத் தம்பதி இப்போது குழந்தையின் பிறந்தநாளுக்கும் அவரைக் கூப்பிடுகிறார்கள்.

அவர் பார்த்த வேலை அப்படி. ஹார்பருக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். பார்க்காதவர்களுக்கு: வண்டி கொஞ்சம் நகரும், பிறகு பொழுது மட்டும் நகரும். டிரைவர்கள் வண்டி நிழலிலேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்கி எழுவார்கள். அந்த வரிசையின் சட்டங்களை மாமா எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். ஒன்று, இடைவெளி விடக்கூடாது. இரண்டு, இன்ஜினை அணைத்துவிட வேண்டும். மூன்று, முன்னால் இருப்பவனிடம் காரணம் கேட்கக்கூடாது. அவனுக்கும் தெரியாது.

நானும் அதே தெருக் கலாவும் மணலியில் ஒரே தொழிற்சாலையில் இன்ஜினியர்கள். கலா தன் சம்பளத்தில் ஒரு பழைய ஜீப் வாங்கினாள். ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு தனியார் காட்டில், மரங்களுக்கு நடுவே மேடு பள்ளத்தில் ஜீப் ஓட்டும் சனி, ஞாயிறு முகாமுக்குப் பெயரும் கொடுத்தோம். சமமான ரோட்டிலேயே வாந்தி எடுக்கும் எங்கள் தோழி மேரி, அதையும் மீறி எங்களோடு வருவதாகச் சொன்னாள்.

கலாவின் அப்பாவுக்கு அந்த ஜீப்பைக் கண்டாலே ஆகாது. அவரும் மாமாவோடு டிரெய்லர் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமா கூட வந்தால்தான் அனுமதி என்றவர், இன்னொரு நிபந்தனையும் போட்டார்.

"நாயித்துக்கெழம வெளக்கு வெக்கறதுக்குள்ள வண்டி வாசல்ல நிக்கணும். இல்லாங்காட்டி திங்கக்கெழம காயலான் கடையில நிக்கும்."

வெறும் மிரட்டல் இல்லை. பழைய இரும்புக் கடையில் விலையே பேசி வைத்திருந்தார்.

நான் எழுதி வைத்து எடுத்துப் போனவை: இழுவைக் கயிறு, காற்றடிக்கும் பம்பு, மண்வெட்டி, முதலுதவிப் பெட்டி, மேரிக்குப் பைகள். மாமா எடுத்து வந்தவை: அடுப்பு, அரிசி, நெத்திலிக் கருவாடு.

சனிக்கிழமை மாமா ராஜாவாக இருந்தார். முகாமின் வழிகாட்டி, பெரிய தொப்பி போட்ட ஒரு பையன், மிகக் கடினமான பள்ளம் என்று ஒரு பாதையைப் பயபக்தியோடு காட்டினான். மாமா ஒரு கையில் டீ டம்ளரோடு அதைக் கடந்துபோய், "பள்ளம் எப்பப்பா வரும்?" என்று கேட்டார். மணலி ரோட்டில் ஓட்டியவருக்கு அது பள்ளமாகவே படவில்லை. மற்ற ஜீப்காரர்கள், எல்லாரும் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்கள், அப்போதிலிருந்து அவர் பின்னாலேயே வர ஆரம்பித்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கடைசிச் சுற்று. அதை முடித்துவிட்டு நேராக வீடு. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் அம்புக்குறி வலப்பக்கம் காட்டியது. இடப்பக்கம் மரங்களுக்கு நடுவே ஏழு ஜீப்புகள் வரிசையாக நிற்பது தெரிந்தது. ஸ்டீயரிங் மாமா கையில். என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஏழாவது ஜீப்பை முட்டாத குறையாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, டயருக்குக் கல் வைத்து, அடுப்பைப் பற்றவைத்தார். எங்கள் பின்னால் கம்பெனி ஆட்களின் நாலு ஜீப்பும் வந்து நின்றன. முன்னால் ஏதோ வண்டி மாட்டியிருக்கிறது போல என்று எல்லாருமே நினைத்தோம். வண்டிகளில் ஆளே இல்லையே என்று கலா கேட்டாள்.

"டீக்குப் போயிருப்பான். வந்துருவான். நீ வெங்காயத்த உரிம்மா."

நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றதற்கு, மூன்றாவது சட்டத்தை நினைவூட்டினார். குழம்பு கொதித்தது. கம்பெனி ஆட்கள் தட்டோடு வந்தார்கள், வரிசையில். மேரிகூட இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். மாமா ஜீப்புக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்தார். வெயில் சாயத் தொடங்கியதும், கலா தன் ஜீப்பின் முகப்பைத் தடவிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்த பிறகுதான் சட்டத்தை மீறி நான் முன்னால் நடந்தேன்.

முதல் ஜீப்புக்குச் சக்கரமே இல்லை. இரண்டாவதற்கு இன்ஜின் இல்லை. மூன்றாவதன் ஸ்டீயரிங்கில் கோவைக்கொடி சுற்றி, காய்த்துத் தொங்கியது. முகாம்காரர்கள் உதிரி பாகங்களுக்காகப் போட்டு வைத்த ஓட்டை வண்டிகள் அவை. எங்களுக்கு முன்னால் நின்றது மட்டும் பார்வைக்கு முழுசாக இருந்தது. அந்த வரிசை பல வருஷமாக நகரவில்லை.

மாமாவை எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினேன். நிதானமாகப் பார்த்தார்.

"அதான் நவுரல," என்றார். பிறகு கோவைக்காயைப் பறித்துத் துண்டில் கட்டிக்கொண்டார்.

பாதை குறுகல். பின்னால் நின்ற நாலு ஜீப்பும் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போக வேண்டும். அதில் ஒன்று சாக்கடை மாதிரி இருந்த ஓடையில் இறங்கியது. என் இழுவைக் கயிறுக்கு வேலை வந்தது. இவ்வளவு நேரம் நின்றும் கடைசியாகத்தானே கிளம்புகிறோம் என்று மாமாவுக்கு மட்டும் வருத்தம்.

எங்கள் தெருவில் நுழையும்போது எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. கலாவின் அப்பா வாசலில் நின்றிருந்தார். கலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமா முதலில் இறங்கினார்.

"இன்னா மாமு, நா இன்னா சொல்லி அனுப்புனேன்?"

"லைன்ல மாட்டிக்கினோம் நைனா."

கலாவின் அப்பா முகம் மாறியது. "முன்னாடி எத்தினி வண்டி?"

"ஏழு."

"நவுந்துதா?"

"ஒரு அடி நவுரல."

ஜீப்பைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். காடாவது, வரிசையாவது என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். அவரும் அந்தச் சாலையில் ஓட்டியவர். முன்னால் இருப்பவனிடம் காரணம் கேட்கவில்லை.

"துன்னீங்களா?" என்றார். உள்ளே திரும்பி, தோசைக்கல்லை அடுப்பில் போடச் சொன்னார்.

திங்கட்கிழமையும் ஜீப் வாசலில்தான் நின்றது. இன்றும் நிற்கிறது.

போன வாரம் பஸ் ஸ்டாப் அருகே ஒரு நீள வரிசையில் மாமா நிற்பதைப் பார்த்தேன். எனக்கு வாங்க வேண்டியது எதுவும் இல்லை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போய் அவர் பின்னால் நின்றேன். இடைவெளி விடாமல்.