ஸ்டோரேஜ் பாயும் ஸ்வெட்டர் போட்ட ஜனங்களும்

திருநெல்வேலிச் சீமையில் சர்வர் வைத்திருக்கும் எந்த ஆபீஸும் ஸ்டோரேஜ் பாயிடமிருந்து தப்பியதில்லை. வருமான வரிக்காரர்கள் கண்ணில் படாத கம்பெனிகூட அவர் கண்ணில் பட்டிருக்கும். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் என் கல்யாணப் பத்திரிகையின் மேல் நான் ‘திரு. ஸ்டோரேஜ் பாய் அவர்கள்’ என்றுதான் எழுதினேன். அவரும் குறையொன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

என்னை அவர் பிடித்தது ஒரு சித்திரை மதியம். பாளையங்கோட்டையில் தார் ரோடே இளகிக் கிடந்தது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, மருதாணி பூசிச் சிவந்த தாடியோடு ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“சர்வர் ரூமா வே?”

“ஆமா. எப்படித் தெரியும்?”

“இந்த வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு டீ குடிக்கவன், ஒண்ணு குளிர்காய்ச்சல்காரனா இருக்கணும், இல்லன்னா சர்வர்காரனா இருக்கணும். ஒம்ம மூஞ்சியில காய்ச்சல் தெரியலை.”

அப்படித்தான் அவர் ஆள் பிடித்தார். ஜங்ஷன், டவுண், பேட்டை என்று ஸ்வெட்டர் போட்ட ஒருவரையும் விடவில்லை. ஒருமுறை ஊட்டியிலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒரு பெரியவரை மடக்கி, “ஒம்ம ஆபீஸ்ல எத்தனை சர்வர்?” என்று கேட்க, அவர் ஓட்டலில் பரிமாறும் சர்வரைக் கேட்பதாக நினைத்து, “எங்க கடையில நாலு பேரு” என்று சொல்ல, பெரிய குழப்பம் ஆகிவிட்டது.

பாய் பல வருஷம் துபாயில் சர்வர்களோடும், தகவல் சேமித்து வைக்கும் ஸ்டோரேஜ் பெட்டிகளோடும் குடித்தனம் நடத்திவிட்டு, மேலப்பாளையத்துக்குத் திரும்பியவர். அங்கே வாராவாரம் எங்கள் தொழில்காரர்கள் ஒன்றுகூடிப் பேசுவார்களாம். இங்கே வந்து பார்த்தால் ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரே ஒரு ஆள், ஒரு குளிர் அறைக்குள், யாரிடமும் பேசாமல் பெட்டிகளோடு உட்கார்ந்திருக்கிறான். எல்லாம் ஓடும்போது அவனை யாரும் தேடுவதில்லை. நின்றுபோனால் எல்லாரும் அவனைத் தேடித் திட்டுகிறார்கள்.

“கபர்ஸ்தான்ல அடக்கம் பண்ணினவன்கூட ஆளுக்கு ஆள் பக்கத்துல படுத்திருக்காம்வே. நாம மட்டும் ஏன் தனித்தனியாக் கெடக்கணும்?” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கூட்டம் ஆரம்பமாகிவிட்டது.

முதல் கூட்டம் ஒரு பரோட்டாக் கடை மாடியில். “நீங்கள்லாம் என்ன வேலை பாக்கீங்க?” என்று கடைக்காரர் கேட்டதும் பாய் சால்னா வாளியைக் கீழே வைக்கச் சொன்னார். “அண்ணாச்சி, ஒம்ம வீட்டைத் தடுத்து நாலு பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கேருல்லா? மோட்டார் ஒண்ணு, தொட்டி ஒண்ணு. ஆனா ஒவ்வொருத்தனும் இது தன் வீடுன்னுதானே ஆணி அடிக்கான்? அந்த மாதிரி ஒரே சர்வரைத் தடுத்து, உள்ள பல சர்வர் குடிவைக்கோம். அம்புட்டுதான்.”

கடைக்காரர் யோசித்தார். “மோட்டார் போயிட்டா?”

“அப்ப நாலு குடும்பமும் எங்களைத்தான் அடிக்க வரும்.”

கூட்டத்தில் பாயின் சட்டம் ஒன்றே ஒன்று. யாரும் பெருமை பேசக்கூடாது; தான் மாட்டிக்கொண்டு முழித்த கதையைத்தான் சொல்ல வேண்டும். நல்ல முழிப்புக்கு அல்வாப் பொட்டலம் பரிசு. சென்னையிலிருந்து ஒரு விற்பனைக்காரர் டை கட்டிக்கொண்டு, படம் போட்டுக் காட்ட வந்தார். பாய் அவருடைய லேப்டாப்பைப் பைய மூடிவிட்டு, “தம்பி, படமெல்லாம் கெடக்கட்டும். நீ கடைசியா எப்ப அழுத?” என்று கேட்டார். அந்த மனுஷன் டையைத் தளர்த்திக்கொண்டு, தன் நிச்சயதார்த்தத்தன்று ஒரு கம்பெனியின் மொத்தக் கணக்கையும் அழித்துவிட்ட கதையைச் சொன்னார். அல்வா அவருக்குத்தான். பெண் வீட்டாருக்கு இன்றுவரை அது தெரியாதாம்.

அல்வாவுக்கு ஆசைப்பட்டுக் கதை கட்டியவர்களும் உண்டு. ஜங்ஷனில் எதிரும் புதிருமாக இரண்டு ஜவுளிக்கடைகள். ஒரு கடையில் சர்வர் பார்ப்பவன் சுடலை, எதிர்க்கடையில் அந்தோணி. முதலாளிகளுக்குள் ஜென்மப் பகை என்பதால் இவர்களும் பேசக்கூடாதென்று உத்தரவு. கூட்டத்தில் மட்டும் ஒரே இலையில் சாப்பிடுவார்கள். ஒருநாள் சுடலை, தன் ஸ்டோரேஜ் பெட்டியில் எட்டாவது டிஸ்க் செத்துப்போன கதையைக் கண்ணீரோடு சொன்னான். எங்களுக்கும் கண் கலங்கியது.

“எலே சுடலை, அந்தப் பெட்டியில மொத்தமே ஆறு டிஸ்க்குதாம்லே. எட்டாவதை எங்கன சொருவுன?” என்றார் பாய்.

அல்வா அன்று அந்தோணிக்குப் போனது. அவன் அதில் பாதியைச் சுடலைக்குக் கொடுத்தான்.

அந்த வருஷம் பொருநை ஆற்றில் வெள்ளம் வந்தது. கொட்டித் தீர்த்த மழையில் எங்கள் ஆஸ்பத்திரி சர்வர் அறையின் கூரை ஒழுகி, ஸ்டோரேஜ் பெட்டி நனைந்து உயிரை விட்டது. நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை, டயாலிசிஸ் முறை, மருந்துச் சீட்டு எல்லாம் அதில்தான் இருந்தன. விடிந்ததும் வாசலில் கூட்டம் நிற்கிறது. யாருக்கு எந்த மருந்து என்று தெரியவில்லை. பாய்க்குப் போன் போட்டேன்.

“பெட்டி மவுத்தாயிட்டா? சரி, அழாதேரும். பேக்கப் இருக்கா?”

“நகல் தனியா இருக்கு பாய். நனையலை. ஆனா அதைப் போட வேற பெட்டி இல்ல.”

“பெட்டி என் பொறுப்பு.”

அதே மாதிரிப் பழைய பெட்டி ஒன்று அந்தோணியின் கடையில் சும்மா கிடந்தது. அதற்குப் பொருந்தும் டிஸ்க்குகள் சுடலையின் கடையில் இருந்தன. இரண்டு முதலாளிகளும் சேர்ந்து ஒரு காரியத்துக்கு உதவுவதென்பது பொருநை திரும்பி மேற்கே பாய்வது மாதிரி. பாய் முதலில் அந்தோணியின் முதலாளியிடம் போய், “எதிர்க்கடைக்காரரு ஆஸ்பத்திரிக்கு டிஸ்க்கு பூராவும் தந்துட்டாரே, நீங்க எப்படி?” என்றார். அவர் ரோஷத்தில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். பெட்டியோடு எதிர்க்கடைக்குப் போய், “அவரு பெட்டியே தந்துட்டாரு” என்றார். டிஸ்க்குகளும் வந்துவிட்டன.

“பொய் சொல்லிட்டீங்களே பாய்?” என்றேன் பிறகு.

“பொய் இல்ல வே. நடக்கப்போறதைக் கொஞ்சம் முன்னாடியே சொன்னேன்.”

ரோட்டில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பாய் ஒரு டிராக்டரில் வந்து இறங்கினார். பெட்டிக்குக் குடை பிடித்திருந்தார். அவர் தலையில் தாரை தாரையாகத் தண்ணீர். சுடலையும் அந்தோணியும் டிஸ்க்குகளைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். மூவரும் என்னோடு உட்கார்ந்தார்கள். மத்தியானத்துக்குள் பதிவு மேஜையில் கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. முதல் பெயர் திரையில் வந்தபோது, வரிசையில் நின்ற ஓர் அம்மாள் கைதட்டியது எனக்கு இன்னும் கேட்கிறது.

பெரிய டாக்டரே நன்றி சொல்ல இறங்கி வந்தார். பாய் கைலியைப் பிழிந்துகொண்டே என்னைக் காட்டினார்.

“டாக்டர், இவரு பேரு என்ன, சொல்லுங்க.”

டாக்டரின் கண் என் கழுத்தில் தொங்கிய அட்டையைத் தேடியது. பாய் அதை உள்ளங்கையால் மூடிவிட்டார்.

டாக்டர் தயங்கித் தயங்கி, “ஏசி மெக்கானிக்தானே?” என்றார்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து டாக்டர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கூரைக்கும் சிமெண்ட் பூசிவிட்டார்கள்.

போன மாதக் கூட்டம் சேரன்மகாதேவியில், ஆற்றங்கரையில். பாய்க்கு உடம்பு சரியில்லை, வரவில்லை. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். ஆரம்பிக்க யாருக்கும் மனசில்லை. அந்தோணிதான் எழுந்து, “வாங்கலே போவோம்” என்றான். வேனைப் பிடித்து மேலப்பாளையம் போய் இறங்கினோம்.

போர்வைக்குள்ளிருந்து பாய் சீறினார். “கூட்டத்தை விட்டுட்டு இங்கன என்னவே சோலி?”

“கூட்டமே இங்கனதான் பாய்.”

அவர் மனைவி ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்தார். “காலையில இருந்து வாயில ஒண்ணும் வைக்கல. நீங்க பேச்சுக் குடுங்க, குடிப்பாக” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அந்தோணி ஒரு கதையை எடுத்துவிட்டான். பாய் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டுக்கொண்டே, தன்னை அறியாமல் கரண்டி கரண்டியாகக் குடித்தார். கதை முடிந்தபோது கிண்ணத்தில் பாதி மிச்சமிருந்தது, கரண்டி நின்றுவிட்டது.

“இன்னொண்ணு நடந்துச்சு பாய்” என்று நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன். என்னிடம் அப்போது ஒரு கதையும் இல்லை. ஆனாலும் ஆரம்பித்துவிட்டேன்.